கரையேறிய படகுக்குக் காற்று வேண்டும்

கடலில் ஓடும்போது ஒரு மரப்படகு கெடுவதைவிட, குளிர்காலத்தில் தரையில் கிடக்கும்போது கெடுவதே அதிகம். அதற்குக் காரணம் மழைநீர். கடல்நீரின் உப்பு மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைகளை ஓரளவு தடுத்துவைக்கும். மழைநீரில் அந்தத் தடை இல்லை.

பிரிட்டனின் 'மிரர்' பாய்மரப் படகை எடுத்துக்கொள்வோம். ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் வடிவமைத்து, 'டெய்லி மிரர்' நாளிதழின் ஆதரவில் 1963இல் அறிமுகமான படகு இது. நீளம் 3.3 மீட்டர், எடை சுமார் 45 கிலோ. ப்ளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளின்மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசின் பூசி ஒட்டினால் படகு தயார். தச்சு வேலை தெரியாதவர்களும் வீட்டிலேயே செய்ய முடிந்தது. இதுவரை எழுபதாயிரத்துக்கும் மேல் உருவாகியிருக்கின்றன. எளியவர்களுக்கும் கடலைத் திறந்துவிட்ட இந்தப் படகுகள் ஒவ்வொன்றும் காப்பாற்றத் தகுந்தவை.

ப்ளைவுட்டின் பலவீனம் அதன் வெட்டுமுனை. பலகையின் பரப்பைவிட முனை பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை தலையெடுக்காது. அதைத் தாண்டி நீடித்தால்தான் ஆபத்து. இடுக்கில் தேங்கிய நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து, மூட்டையே பிளந்துவிடும்.

இதற்குப் பயந்து பலரும் படகைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றிவிடுகிறார்கள். என் பார்வையில் இதைவிடக் கெடுதல் வேறில்லை. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி, இரவுக் குளிரில் தாளின் அடிப்பக்கத்தில் துளிகளாகி மரத்தின்மேலேயே சொட்டும். படகைத் தரையைத் தொடாமல் மரத்தாங்கிகள்மேல் கவிழ்த்துவைப்பது நல்லது. நிமிர்த்திவைத்தால் முன்பக்கத்தை உயர்த்தி, பின்பக்க வடிகால் அடைப்பைக் கழற்றிவிட வேண்டும். படகின் நீளவாக்கில் ஒரு கழியைக் கட்டி, தார்ப்பாயைக் கூரைபோல் சரித்துப் போட்டு, இரு முனைகளையும் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும். மிதப்புக்கான காற்றறைகளின் மூடிகளையும் கழற்றிவிடுங்கள். பழைய மிரர்களில் அழுகல் பெரும்பாலும் அந்த இருட்டறைகளில்தான் ஒளிந்திருக்கும்.

ஈரமரத்தின்மேல் வார்னிஷோ எபாக்ஸிப் பிசினோ பூசினால் ஈரத்தை உள்ளேயே சிறைவைத்ததாகும். பழைய பெயின்டைச் சுரண்டி, வாரக்கணக்கில் காயவிட்டு, ஈரமானியால் அளந்தபின் முதலில் வெட்டுமுனைகளுக்கு எபாக்ஸி கொடுங்கள். குளிரில் அது இறுக நெடுநேரம் ஆகும். ஈரக்காற்றில் இறுகினால் மேலே மெழுகு போன்ற பிசுபிசுப்புப் படியக்கூடும்; அதைத் தண்ணீரால் கழுவி, உலரவிட்டுத் தேய்த்த பிறகுதான் அடுத்த பூச்சு பிடிக்கும்.