மினுக்குற ஆயில் லைட்டும் ஒரு துண்டு கறுப்பு டேப்பும்

இந்த எபிசோட் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பத்தினது.

தஞ்சாவூர்ல என் மாமா ஒரு பழைய லாரி வச்சிருந்தார். அறுவடை வந்தா அதுக்கு ஒரே வேலைதான். ஒரத்தநாடு பக்கத்து நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள்ல மூட்டை ஏத்தி, தஞ்சாவூரை ஒட்டின குடோன்ல இறக்கணும். சென்னையில கேக்குறவங்களுக்காகச் சொல்றேன்: விவசாயிகிட்ட அரசு நெல் வாங்குற இடம் அது. நடத்துறது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். ஒரு மூட்டை 40 கிலோ, 250 மூட்டை ஏத்தினா 10 டன். குறுவை அறுவடை அக்டோபர் வரைக்கும் இழுத்தா வடகிழக்குப் பருவமழையும் கூடவே வந்துடும். லாரி வரலைன்னா மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில வெட்டவெளியில தேங்கிக் கிடக்கும். நனைஞ்சா நெல்லு முளை விட்டுடும். அதனால அந்த மாசத்துல ஒரு நாள் லாரியை நிறுத்தி ரிப்பேர் பார்க்க யாருக்கும் மனசு வராது.

அந்த லாரியோட டேஷ்போர்டுல சிவப்பு ஆயில் லைட் விட்டு விட்டு மினுக்கும். எண்ணெய்க் கிண்டி மாதிரி படம் போட்டிருக்குமே, அதுதான். டிரைவர் அண்ணன்கிட்ட கேட்டேன். "அது லூஸ் கான்டாக்ட் தம்பி, ஒரு வருஷமா இப்படித்தான் கண்ணடிக்குது"ன்னார். அவர் சொன்னது சரிதான், ஒயர்லதான் கோளாறு. அடுத்த தடவை நான் ஏறினப்ப அந்த லைட் மேல டேப் ஒட்டியிருந்துச்சு. ராத்திரியில கண்ணை உறுத்துதாம்.

அடுத்த சீசன்ல ஒரு கசிவுல ஆயில் நிஜமாவே இறங்கிடுச்சு. லைட் எரிஞ்சிருக்கும், டேப்புக்கு அடியில. லோடோட நடுவழியில இன்ஜின் ஜாம். தூறல்ல 250 மூட்டையையும் ரோட்டோரமா வேற லாரிக்கு மாத்தினாங்க. அந்த சீசன் வருமானம் முழுக்க இன்ஜினுக்கே போச்சு.

இந்த லைட் எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். இது ஆயில் எவ்வளவு இருக்குன்னு காட்டுறது இல்ல. ஆயிலோட அழுத்தம் போதுமான்னு மட்டும்தான் காட்டும். இன்ஜின் பிளாக்குல ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு. அழுத்தம் இல்லாதப்ப அது பல்பு ஒயரை இன்ஜின் உடம்போட, அதாவது எர்த்தோட, சேர்த்து வைக்கும், லைட் எரியும். இன்ஜின் ஓடி அழுத்தம் ஏறினதும் சுவிட்ச் பிரியும், லைட் அணையும். கிராங்க்கும் பேரிங்கும் உரசாம இருக்கிறது நடுவுல இருக்கிற மெல்லிசான ஆயில் படலத்தாலதான். அழுத்தம் போனா அந்தப் படலம் போயிடும், அப்புறம் உலோகமும் உலோகமும் தேயும்.

அப்போ மினுக்குறதுக்கு என்ன அர்த்தம்? எப்போ மினுக்குதுங்கிறதுலதான் பாதி விடை இருக்கு. வளைவுலயும் பிரேக் போடும்போதும் மினுக்குனா, பெரும்பாலும் ஆயில் குறைவு. சம்ப்புல இருக்கிற கொஞ்ச ஆயில் ஒரு பக்கமா ஒதுங்க, பம்பு காத்தை உறிஞ்சுது. கொள்முதல் நிலைய வாசல் வரிசையில, இன்ஜின் சூடாகி ஐடில்ல நிக்கும்போது மினுக்கி, ஆக்சிலேட்டர் மிதிச்சதும் அணைஞ்சா சந்தேகம் பெருசு. ஆயில் இளகியிருக்கலாம், டீசல் கலந்திருக்கலாம், பேரிங்கோ பம்போ தேய்ஞ்சிருக்கலாம். வாய்க்கால் கரை ரோட்டுல குலுங்கும்போது மட்டும், இன்ஜின் வேகத்துக்குச் சம்பந்தமே இல்லாம மினுக்குனா, ஒயர் எங்கேயோ உரசுது. மாமா லாரியில இதுதான்.

ஆனா இதையெல்லாம் ஓட்டிக்கிட்டே ஆராய்ச்சி பண்ணாதீங்க. சிவப்பு ஆயில் லைட்னா முதல்ல ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணணும். பத்து நிமிஷம் ஆயில் கீழ இறங்கட்டும், அப்புறம் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்க. வண்டி சமதளத்துல நிக்கணும். கரைச் சரிவுல நிறுத்திப் பார்த்தா அளவு தப்பாக் காட்டும். டீசல் வாசனை அடிக்குதான்னும் மோந்து பாருங்க.

அளவு சரியா இருந்தா அடுத்த சோதனை. இன்ஜின் ஓடாம சாவியை மட்டும் ஆன் பண்ணுங்க, லைட் எரியும். இப்போ சுவிட்ச்சுல இருந்து ஒயரைக் கழட்டுங்க. லைட் அணையணும். அணையலைன்னாலோ, ஒயரை ஆட்டும்போது மினுக்குனாலோ, ஒயர் வழியில எங்கேயோ எர்த் ஆகுது. சுத்தமா அணைஞ்சா ஒயர் மேல தப்பு இல்ல. சுவிட்ச் கெட்டிருக்கணும், இல்லைன்னா அழுத்தமே குறைவா இருக்கணும். ரெண்டுல எதுன்னு தெரிய, சுவிட்ச்சைக் கழட்டிட்டு அந்த இடத்துல ஒரு பிரஷர் கேஜ் மாட்டி அளக்குறதுதான் ஒரே வழி. கேஜ் மாட்டாமலே "சுவிட்ச் போச்சு, மாத்திடலாம்"னு ஒரு மெக்கானிக் சொன்னா நான் கொஞ்சம் பயப்படுவேன்.

நெல்லு ஏத்துற வண்டிக்குன்னே ஒரு எதிரி இருக்கு, எலி. சிந்தின நெல்லுக்கு ஏறி வரும், அப்படியே ஒயரையும் கடிச்சு வைக்கும். மேல்தோலை மட்டும் கடிச்சா செம்பு இன்ஜின்ல உரசும், லைட் மினுக்கும், நமக்குத் தெரிஞ்சிடும். முழுசாத் துண்டிச்சா? லைட் எரியவே எரியாது. மினுக்குறதைவிட இதுதான் எனக்குப் பயம், ஏன்னா எல்லாம் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். அதனால தினமும் முதல் தடவை சாவி போடும்போது ஒரு செகண்ட் நின்னு, அந்தச் சிவப்பு லைட் எரியுதா, ஸ்டார்ட் ஆனதும் அணையுதான்னு பாருங்க. உங்க காருக்கும் இதேதான்.

நான் சொன்னது பழைய லாரிகளோட ஒத்தை ஒயர் சுவிட்ச்சுக்கு. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 வண்டிகள்ல சென்சார், கம்ப்யூட்டர்னு நிறைய வந்துடுச்சு. அதுல ஒயரைக் கழட்டாம, ஸ்கேனர்ல கோளாறு கோடைப் படிக்கிறதுதான் முறை.

மாமா லாரி இன்ஜின் ரெடியாகி வந்தப்ப அந்த உரசின ஒயரையும் மாத்தினாங்க. ஒரு முழம் ஒயர், மேல ஒரு ஸ்லீவ், ரெண்டு கிளிப். நான் பக்கத்துலதான் நின்னேன். டிரைவர் அண்ணன் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சிடுச்சு.