வேலியோரத்து நன்னாரி

சித்திரையும் வைகாசியும் குழித்தறியில் அமர்ந்திருப்போர்க்கும் வயலில் நிற்போர்க்கும் ஒருங்கே சோதனையான மாதங்கள். கத்திரி வெயிலில் நா வறண்டபோது நாம் கடைச் சர்பத்தை நாடுகிறோம். சாயமும் செயற்கை மணமும் கூட்டிய பாகும் அங்கே நன்னாரி என்னும் பெயரால் விலையாகின்றது. உண்மை நன்னாரியோ நம் வேலியோரத்திலும் வரப்பிலும் கேட்பாரற்றுப் படர்ந்து கிடக்கின்றது.

நன்னாரி மெல்லிய கொடி. இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். நடுநரம்பை ஒட்டி வெண்ணிறச் சாயல் ஓடும். கிள்ளினால் பால் வடியும். பால் வடியும் கொடிகளுள் நஞ்சுடையனவும் உண்டாகையால், இலையை மட்டும் கண்டு துணிதல் கூடாது. வேரைக் கீறினால் இனிய நறுமணம் எழுதல் வேண்டும். மாகாளிக் கிழங்குக்கும் அம்மணம் உண்டு. அதுவும் நன்னாரி என விற்கப்படுகின்றது. கிழங்கு தடித்தது, நன்னாரி வேர் மெலிந்தது, கரும்பழுப்பு நிறத்தது. கொடியை நன்கறிந்த பெரியவரிடம் காட்டி உறுதி செய்துகொள்வதே முறை.

இனிப் பாகு செய்யும் வகை: 100 கிராம் வேரை மண் போகக் கழுவி நிழலில் உலர்த்துக. மணம் பட்டையில் தங்கியிருப்பதால், வேரை நசுக்கி நடுக்கட்டையை நீக்கிவிடலாம். கொதித்து இறக்கிய நீரில் பட்டையை இட்டு, மூடி, ஓரிரவு ஊறவிடுக. வேரை நெடுநேரம் கொதிக்க வைத்தால் மணம் ஆவியோடு போய்விடும். மறுநாள் துணியில் வடித்து, அரை லிட்டர் ஊறல் நீருக்கு 1 கிலோ சர்க்கரை சேர்த்து, இளந்தீயில் கரைத்து, ஒரு கொதி வந்ததும் இறக்குக. ஆறியபின் ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் அடைக்கவும். ஒரு குவளைத் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டிப் பாகும் சிறிது எலுமிச்சைச் சாறும் போதும். மதுரை ஜிகர்தண்டாவுக்குச் சுவையூட்டுவதும் நன்னாரிப் பாகே. சர்க்கரை மிகுந்ததாகையால் நீரிழிவுடையோர்க்கு இஃது ஏற்றதன்று.

ஒன்றை நாம் மறத்தலாகாது. இலையைப் பறித்தால் கொடி மீண்டும் தழைக்கும். வேரைப் பறித்தால் கொடியே மடியும். விலை கிடைக்கின்றதென்று ஒரு கோடையில் தோண்டி முடித்த வரப்பில் மறு கோடையில் நன்னாரி இராது. ஆதலின் ஓரிடத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடாது, எடுத்த கொடியின் தண்டையும் வேர்த்துண்டையும் ஈரமண்ணில் பதித்துவிட வேண்டும். காப்புக்காட்டில் அனுமதியின்றித் தோண்டுதல் குற்றமாகும்.

வேளாண் அங்கத்தினர்கள் வேலியோரத்தில் இதனை நட்டால், ஏறக்குறைய ஈராண்டில் வேர் முற்றும். நெசவாளர் குடும்பங்கள் அதனை நியாய விலைக்குப் பெற்றுப் பாகு காய்ச்சலாம். விற்பனைக்குச் செய்வோர் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி பதிவு பெறுதல் அவசியம்.

வேரை விற்று ஒருமுறை பொருள் காண்பதினும், கொடியைக் காத்து ஆண்டுதோறும் பயன் பெறுதலே கூட்டுறவாளராகிய நமக்கு அழகு. வரும் மழைக்கு வேலியோரத்தில் பத்துக் கொடிகளேனும் ஊன்றுவோமாக.