முகவரிக்குள் சதவீதக் குறி

தமிழ் விக்கிப்பீடியாவில் 'தமிழ்' என்ற கட்டுரையின் முகவரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால், அந்தச் சொல் இருந்த இடத்தில் பெரும்பாலும் சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த நீண்ட வால் ஒன்று வந்து விழும். நீளம் 45 குறிகள். வைரஸோ என்று பயந்து லிங்க்கைத் தொடாமல் விடுகிறவர்களும் உண்டு.

பயப்பட ஒன்றுமில்லை, கணக்குதான். யூனிகோடில் 'தமிழ்' என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஒரு பைட்டை முகவரியில் எழுத ஒரு சதவீதக் குறியும் இரண்டு பதினறும இலக்கங்களும் வேண்டும். 5 × 3 × 3 = 45. (தளப்பெயரில் தமிழ் வந்தால் கதை வேறு, '.இந்தியா' போன்றவற்றுக்குப் ப்யூனிகோட் என்ற தனி முறை இருக்கிறது.)

டிம் பெர்னர்ஸ்-லீயும் மற்றவர்களும் 1994இல் எழுதி, 2005இல் திருத்திய முகவரி விதிகளின்படி, எங்கும் தயங்காமல் எழுதக்கூடியவை 66 குறிகளே: ஆங்கில எழுத்துகள், எண்கள், அவற்றோடு - . _ ~ என்ற நான்கு. இன்னும் 18 குறிகளுக்கு முகவரிக்குள்ளேயே உத்தியோகம் உண்டு. / பாதையைப் பிரிக்கும். ? வந்தால் கேள்விப் பகுதி தொடங்கும். & அங்கே ஒரு விவரத்தை அடுத்ததிலிருந்து பிரிக்கும். மற்றதெல்லாம் சதவீத வேடத்தில்தான் உள்ளே வரவேண்டும். இடைவெளிகூட %20 ஆகிவிடும்.

புரோகிராமருக்கு உண்மையான தொல்லை தமிழ் எழுத்தால் வருவதில்லை. அதை அப்படியே விட்டாலும் இன்றைய பிரௌசர் தானே மாற்றிக்கொள்ளும். தொல்லை அந்த 18 குறிகளிடம்தான். 'இட்லி&சட்னி' என்று ஒருவர் தேடினால், நடுவில் இருப்பது பெயரின் பகுதியா, பிரிப்பானா என்று எந்த பிரௌசராலும் ஊகிக்க முடியாது. %26 என்று மாற்றாவிட்டால் சர்வர் இட்லியை மட்டும் தேடும். சட்னி வேறொரு விவரமாகி ஒதுங்கிவிடும். # இன்னும் மோசம். அதற்குப் பின்னால் உள்ளதை பிரௌசர் சர்வருக்கு அனுப்பவே அனுப்பாது. பிழைச்செய்தியும் வராது. கைபேசி எண்ணில் +91 என்று எழுதினால், வெப் படிவங்களின் பழைய வழக்கப்படி + இடைவெளியாகப் படிக்கப்பட்டு, எண்ணுக்கு முன்னால் வெற்றிடம் நிற்கும்.

ஆகவே ஒவ்வொரு துண்டையும் தனியாக மாற்றிவிட்டுத்தான் ஒட்டவேண்டும். ஒட்டி முடித்தபின் எது பிரிப்பான், எது சரக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு இரண்டு ஃபங்ஷன்கள் உள்ளன. 'என்கோட்யூஆர்ஐ' முழு முகவரிக்கானது; &, #, + எதையும் தொடாது. துண்டுக்கு உரியது 'என்கோட்யூஆர்ஐகம்போனென்ட்'. வேடிக்கை என்னவென்றால், தமிழையோ இடைவெளியையோ கொடுத்துச் சோதித்தால் இரண்டும் ஒரே விடையைத்தான் தரும். தவறானதைப் போட்டிருப்பது, யாராவது & அடிக்கும் நாளில்தான் வெளிப்படும். பைத்தானின் 'குவோட்', நாம் வேறு சொல்லாதவரை, அந்த 18 குறிகளில் / குறியை மட்டும் விட்டுவைக்கும். பாதைக்கு அது வசதி, தேடுசொல்லுக்கு வம்பு.

அதற்காக ஒருமுறைக்கு இருமுறை மாற்றுவதும் ஆகாது. சதவீதக் குறியே மாற்றத்துக்கு உள்ளாகி %25 ஆகும் என்பதால், இரண்டாம் சுற்றில் %20 என்பது %2520 ஆகிவிடும். வாசகரின் திரையில் இரண்டு சொற்களுக்கு நடுவே '%20' என்றே தெரியும். சர்வர் பதிவேட்டில் %2520 தென்பட்டால், லைப்ரரி ஏற்கெனவே செய்துமுடித்த வேலையை நம் நிரலில் எந்த வரி மறுபடி செய்கிறது என்றுதான் முதலில் தேடவேண்டும்.