சிரிப்பில் பங்கு யாருக்கு? தூத்துக்குடி முத்துலட்சுமியும் நிகழ்த்துநர் உரிமையும்

நகைச்சுவைக்கென்றே இயங்கும் தமிழ்த் தொலைக்காட்சி அலைவரிசைகளைப் பார்ப்பவர்கள் ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருப்பர். பூரி செய்வது எப்படி என்று மனைவி கேட்கிறார். கணவர் ஒவ்வொரு படியாகச் சொல்லத் தொடங்குகிறார். ஒவ்வொரு படிக்கும் அது தனக்கு ஏற்கெனவே தெரியும் என்று அவர் இடைமறிக்கிறார். கணவரின் பொறுமை இற்றுப்போகிறது. 1963இல் வெளிவந்த ‘அறிவாளி’ படத்தின் காட்சி அது. கணவர் கே.ஏ. தங்கவேலு, மனைவி டி.பி. முத்துலட்சுமி. இன்றைய கல்லூரி மாணவர்களுள் பலருக்குப் படத்தின் பெயர் தெரியாது. நடிகையின் பெயரும் தெரியாது. ஆனால் காட்சி தெரியும். தொலைக்காட்சியில் விளம்பர இடைவேளைகளுக்கு நடுவே அது வருகிறது. யூடியூபில் துண்டுகளாக வருகிறது. கைப்பேசிகளில் நகைப்படங்களாகச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் யாரோ ஒருவர் பணம் ஈட்டுகிறார். அந்தப் பணத்தில் முத்துலட்சுமிக்கோ அவர் வழிவந்தோருக்கோ சட்டப்படி என்ன பங்கு என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முத்துலட்சுமி 1931இல் தூத்துக்குடியில் பிறந்தவர். பெயரின் முன்னெழுத்துகளுள் முதலாவது அவ்வூரையே குறிக்கிறது. தந்தை பொன்னையா பாண்டியன் வேளாண்மை செய்தவர். பெண் நடிக்கப்போவதில் பெற்றோருக்கு உடன்பாடில்லை. அதை மீறியே அவர் சென்னைக்கு வந்தார். இயக்குநர் கே. சுப்பிரமணியத்தின் நடனக் குழுவில் இருந்த தாய்மாமன் வழியாக நடனமும் பாட்டும் கற்றார். பின் ஜெமினி ஸ்டுடியோவில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். எஸ்.எஸ். வாசன் தயாரித்து இயக்கிய ‘சந்திரலேகா’ 1948இல் வெளிவந்தபோது அதன் குழு நடனத்தில் அவரும் ஒருவர். அதே படத்தின் சில காட்சிகளில் நாயகி டி.ஆர். ராஜகுமாரிக்கு மாற்றாகவும் ஆடினார்.

இந்தக் கடைசிச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உடல் ஒருவருடையது, திரையில் நிற்கும் பெயர் இன்னொருவருடையது. திரைத்தொழிலில் இது இயல்பான ஏற்பாடு என்றே கருதப்படுகிறது. சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘பொன்முடி’யில் கிடைத்த நகைச்சுவை வேடம் அவரைத் தனி நடிகையாக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் அவர் இல்லாத நகைச்சுவைப் பகுதி குறைவு. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) போன்ற வரலாற்றுப் படத்திலும் சிரிக்க வைக்க அவர் தேவைப்பட்டார். தங்கவேலு, ஏ. கருணாநிதி முதலியோருடன் இணைந்து நடித்தார். பிற்காலத்தில் கலைமாமணி விருது பெற்றார். இயக்குநரும் நடிகருமான டி.பி. கஜேந்திரனை மகனாக வளர்த்தவர் அவரே. 2008 மே 29 அன்று காலமானார்.

நகைச்சுவை நடிகையின் தொழிலை விமர்சனமும் வரலாறும் இலேசாகவே எடுத்துக்கொண்டன. என்.எஸ். கிருஷ்ணன் தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்துக்கொண்டார்; அதற்கெனத் தனிக் குழுவும் வைத்திருந்தார். பெண்ணுக்கு அந்த அதிகாரம் அரிதாகவே கிடைத்தது. வேலைக்காரி, வாயாடி, அறிவிலி மனைவி என்று எழுதித் தரப்பட்ட வேடங்களே வந்தன. பூரி காட்சியும் மேற்பார்வைக்கு அப்படிப்பட்டதுதான்: சமைக்கத் தெரியாத பெண்ணைப் பார்த்துச் சிரி என்று அழைக்கிறது. ஆனால் கவனித்துப் பாருங்கள். சிரிப்பு வருவது அவரது அறியாமையால் அன்று. கற்றுத்தர வந்தவனின் அதிகாரத்தைச் சற்றும் மதிக்காத அந்தக் குரலால். ஒவ்வொரு முறையும் அதே விடையைச் சிறிது வேறு தொனியில், சரியான நொடியில், முகத்தில் துளியும் குற்றவுணர்வின்றிச் சொல்கிறார். கடைசியில் உடைந்துபோவது கணவர்தான். எழுத்தில் ஒரே வாக்கியமாக இருப்பதைப் பத்து வேறு வாக்கியங்களாக்கியது அவரது உழைப்பு. சட்டம் நெடுங்காலம் காண மறுத்ததும் இந்த உழைப்பைத்தான்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளரை அறிந்தது, இசையமைப்பாளரை அறிந்தது, படத்தின் ‘ஆக்கியோர்’ என்று தயாரிப்பாளரை அறிந்தது. நடிப்பவரை அறியவில்லை. 1977இல் இசை உரிமை பற்றிய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது, நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியே ஒரு பின்குறிப்பு எழுதினார். பாடுபவருக்கு நம் சட்டத்தில் உரிமையே இல்லை என்பதைக் குறையாகச் சுட்டி, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றார். மறு ஆண்டே பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தேவ் ஆனந்த் வழக்கு வந்தது. பேசிய ஊதியம் முழுதும் தரப்படும் வரை தம் நடிப்பின் மீதான உரிமை தமக்கே என்று அவர் வாதிட்டார். திரைப்படத்தில் ஒருவர் நடிப்பது சட்டம் பாதுகாக்கும் ‘படைப்பு’ ஆகாது என்றது நீதிமன்றம். இந்தி சினிமாவின் உச்ச நட்சத்திரத்துக்கே இந்த நிலை. மாதச் சம்பளத்துக்கு ஆடிய பெண்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

முத்துலட்சுமியின் ஊரில் இதைவிடப் பழைய பங்கு முறை ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தூத்துக்குடிக் கடலில் ஆங்கிலேய அரசு நடத்திய முத்துச் சலாபங்களில், கரைக்கு வந்த சிப்பிகள் மூன்று கூறுகளாகப் பிரிக்கப்படும். இரண்டு கூறு அரசுக்கு. ஒரு கூறு குளியாளுக்கு. அந்த ஒரு கூறிலிருந்துதான் தோணிக்காரருக்கும், மேலே நின்று கயிறு பிடிப்பவருக்கும் போக வேண்டும். அநியாயமான பங்கீடு, ஐயமில்லை. மூச்சடக்கிப் பாருக்கு இறங்குபவர் ஒருவர்; கரையில் ஏலம் நடத்திச் செல்வம் சேர்ப்பவர் இன்னொருவர். 1961க்குப் பிறகு இக்கடலில் அரசு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடியேற்ற அரசுகூடக் குளியாளைக் கூலிக்காரராக மட்டும் கருதவில்லை. எடுத்த பொருளில் அவருக்குக் கூறு உண்டு என்று ஏற்றது. சுதந்திர இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் நடிகைக்கு மூன்றில் ஒன்றல்ல, முந்நூறில் ஒன்றும் தரவில்லை.

1994இல் வந்த திருத்தம் ‘நிகழ்த்துநர் உரிமை’ என்ற ஒன்றை முதன்முதலாக உருவாக்கியது. ஆனால் கூடவே ஒரு கதவையும் சாத்தியது: தம் நிகழ்த்துதலைத் திரைப்படத்தில் சேர்க்க ஒருவர் ஒருமுறை இசைந்துவிட்டால், அதன்பின் அந்த உரிமை அவருக்கு இல்லை. நடிகர்களைப் பொறுத்தவரை கொடுத்த கையே பறித்துக்கொண்டது.

2012ஆம் ஆண்டுத் திருத்தம்தான் மெய்யான மாற்றம். புதிய 38ஏ பிரிவின்படி, எழுத்து மூலமான ஒப்பந்தத்தில் நடிகர் இசைந்துவிட்டால், தயாரிப்பாளர் அந்த நிகழ்த்துதலைப் பயன்படுத்துவதை அவர் தடுக்க இயலாது. ஆயினும் வணிக நோக்கில் அது பயன்படுத்தப்படும்போது ராயல்டி பெற அவருக்கு உரிமை உண்டு என்று அப்பிரிவின் காப்புரை சொல்கிறது. 38பி பிரிவு தார்மிக உரிமையைத் தருகிறது: நிகழ்த்துநர் என்று அடையாளம் காட்டப்படும் உரிமை; நற்பெயருக்குக் கேடு வரும்படித் தம் நிகழ்த்துதலைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை. பாடகர்கள் இத்திருத்தத்தைக் கையிலெடுத்துச் சங்கமாகத் திரண்டு, டெல்லி உயர் நீதிமன்றம் வரை சென்று, தம் பாடலை ஒலிபரப்பும் விடுதிகளிடம் ராயல்டி கேட்டனர். நடிகர்கள் தரப்பில் அத்தகைய திரட்சி நிகழவில்லை. நட்சத்திரங்களுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டவர்களுக்குக் குரல் இல்லை.

இனி, மறந்துவிட வேண்டாம் என்று சொன்ன அந்த மாற்று நடனத்துக்கு வருவோம். 2012இல் ‘நிகழ்த்துநர்’ என்ற சொல்லின் வரையறையில் ஒரு காப்புரை சேர்க்கப்பட்டது. திரைப்படத்தில் ஒருவரது நிகழ்த்துதல் தற்செயலானதாகவோ துணைமையானதாகவோ இருந்து, தொழில்வழக்கப்படி அவர் பெயர் டைட்டில் உட்பட எங்கும் குறிப்பிடப்படாவிட்டால், அவர் ‘நிகழ்த்துநர்’ ஆகமாட்டார். சிதைவை எதிர்க்கும் உரிமை ஒன்று மட்டும் அவருக்கு மிஞ்சும். பெயர் போடப்படும் உரிமையும் இல்லை, ராயல்டியும் இல்லை. தர்க்கத்தைப் பாருங்கள்: உன் பெயரைப் போடாதது தொழிலின் வழக்கம், பெயர் போடப்படாததால் நீ கலைஞர் அல்லர், கலைஞர் அல்லாததால் பெயர் போடு என்று கேட்கவும் உனக்கு உரிமையில்லை. ‘வழக்கம்’ என்பதே உரிமை மறுப்புக்கு ஆதாரமாவது இந்நாட்டில் யாருக்குப் பழகிய அனுபவம் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ‘சந்திரலேகா’வின் குழுவில் ஆடிய முத்துலட்சுமி இன்று ஆடினாலும், இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு நிகழ்த்துநர் அல்லர் என்று வாதிட ஒரு தயாரிப்பாளருக்கு வழியுண்டு.

தலித் அரசியல் இதில் அக்கறை கொள்ள வேண்டிய காரணம் இங்கேதான் இருக்கிறது. முத்துலட்சுமியின் சாதி என்ன என்பது என் கேள்வியன்று. காப்புரை வெளியே தள்ளும் கூட்டம் யார் என்பதே கேள்வி. ஊதியத் தகராறுகளில் என்னைத் தேடி வந்த துணை நடிகையருள் மிகுதியானோர் சென்னையின் குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த தலித் பெண்கள். ஏஜென்ட் மூலம் வருவர். அன்றைய படியிலிருந்து ஏஜென்ட்டுக்கு ஒரு பகுதி போகும். எழுத்தில் எதுவும் இராது. ‘சேரி’க் காட்சி என்றால் நிறம் பார்த்து அவர்கள் முன்னால் நிறுத்தப்படுவர், திருமணக் காட்சி என்றால் பின்னால். படத்துக்குத் தேவையான முகம் அவர்களுடையது. அந்த முகத்துக்குரிய பெயர் எங்கும் இல்லை.

பெயர் நீக்கத்தின் கொடிய எல்லையை இந்தக் கடற்கரையிலிருந்து அதிகத் தொலைவில்லாத நாகர்கோவில் கண்டிருக்கிறது. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ படத்தின் நாயகி பி.கே. ரோசி ஒரு தலித் பெண். நாயர் பெண்ணாக ஒரு புலையப் பெண் நடித்ததைப் பொறுக்காத சாதி இந்துக்கள் அவரது வீட்டை எரித்தனர். தமிழ்நாட்டுக்கு ஓடிவந்த அவர் வேறு பெயரில், நடித்ததையே வெளியில் சொல்லாமல் வாழ்ந்து மறைந்தார். அன்று பெயரை நீக்கியது தீ. இன்று அதே வேலையை ஒரு வரையறைக் காப்புரை ஓசையின்றிச் செய்கிறது. இரண்டும் ஒன்றல்ல, ஆனால் பயன்பெறுவோர் வேறு வேறு அல்லர்.

பிற நாடுகள் இச்சிக்கலை எப்படித் தீர்த்தன? 1960இல் அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. திரையரங்குப் படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்றால் நடிகருக்குத் தொடர்பங்கு வேண்டும் என்பது கோரிக்கை. அவ்வாண்டு முதல் எடுக்கப்பட்ட படங்களுக்குப் பங்கு கிடைத்தது. முந்தைய படங்களுக்கு ஈடாக நலநிதிக்கு ஒரு தொகை தரப்பட்டது. சென்னையில் முத்துலட்சுமி ஓய்வின்றி நடித்துக்கொண்டிருந்த காலம் அது. பன்னாட்டளவில் திரை நடிகர்களின் உரிமைக்காக 2012இல் பெய்ஜிங் ஒப்பந்தம் உருவாகி 2020இல் நடைமுறைக்கு வந்தது. ஒலிப்பதிவுக் கலைஞர்களுக்கான ஒப்பந்தத்தில் 2018இல் இணைந்த இந்தியா, பெய்ஜிங் ஒப்பந்தத்தில் சேரவில்லை.

தொலைக்காட்சி நகைச்சுவை மேடைகளில் இன்று நிற்கும் இளம்பெண்களுக்கும் இது பொருந்தும். அறந்தாங்கி நிஷா போன்றோர் அம்மேடைகள் வழியே சொந்தப் பெயரை நிலைநாட்டிக்கொண்டனர். அவர்களுக்குப் பின்னால் ஒரு வாரம் வந்து காணாமற்போவோர் பலர். காட்சிப் பதிவு எதுவும் சட்டத்தின் பார்வையில் ‘திரைப்படம்’தான், ஆகவே தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் 38ஏ உண்டு. கையெழுத்திடும் தாளில் ‘எல்லா உரிமைகளையும் நிரந்தரமாக விட்டுக்கொடுக்கிறேன்’ என்ற வரி வழக்கமாக இருக்கும். அந்த வரி இருந்தாலும் ராயல்டி உரிமை போய்விடாது என்று வாதிட, 39ஏ பிரிவு வலுவான இடம் தருகிறது. எழுத்து ஒப்பந்தமின்றித் திரைத் தொழிலாளரைப் பணியமர்த்தக் கூடாது என்று 1981ஆம் ஆண்டின் திரைத் தொழிலாளர் சட்டமே விதித்தது. 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த வகையைத் தொலைக்காட்சியையும் உள்ளடக்கும் ‘ஒலி-ஒளித் தொழிலாளர்’ என்று விரித்தது. துணை நடிகர்களிடையே பணிபுரியும் தோழர்கள் முதலில் கேட்கவேண்டியது இரண்டு: ஒப்பந்தத்தின் நகல்; டைட்டிலில் பெயர். இரண்டாவது வெறும் கௌரவப் பிரச்சினை அன்று. பெயர் வந்துவிட்டால் வரையறைக் காப்புரை அவரைத் தொடாது.

‘அறிவாளி’க்குத் திரும்பினால் கணக்கு இன்னும் விசித்திரமாகிறது. திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 2023 டிசம்பர் 31உடன் அது முடிந்தது. தயாரிப்பாளரின் உரிமை அறுபது ஆண்டுகள் முழுதும் இருந்து கழிந்தது. நடித்தவரின் உரிமை ஒருநாளும் தொடங்கவில்லை. 2024 முதல் அந்தப் பூரி காட்சியை யாரும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தலாம். அதன் முன்னும் பின்னும் ஓடும் விளம்பரத்தின் வருவாய் அலைவரிசைக்கும் இணைய நிறுவனத்துக்கும் போகிறது.