உப்புக்குப் பெயர் வைக்கிறவங்க!

பிராக்டிகல் லேப்ல குட்டித் தாளில் மடிச்சு ஒரு வெள்ளை உப்பைக் கொடுப்பாங்க. அது குளோரைடா, நைட்ரேட்டா? பிரவுன் ரிங் வருமா, வராதா? முன்வரிசை ஃபிரெண்டு விரலில் காட்டும் சிக்னலை நம்பியே செமஸ்டர் தாண்டினவங்க நம்மில் நிறைய பேர். 'இதை வச்சு வாழ்க்கையில என்ன பண்ணப் போறோம்?'னு அலுத்துக்கிறீங்களா? அந்த உப்பு லேப்பின் பெரிய அண்ணன்தான் பகுப்பாய்வு வேதியியல். ஒரு பொருளுக்குள் என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு. கேள்வி இந்த ரெண்டுதான்.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் குழந்தைகள் அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 20-க்கும் அதிகமான உயிர்கள். சந்தேகம் கோல்ட்ரிஃப் என்ற இருமல் சிரப் மேல் விழுந்தது. அது தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். அக்டோபர் 1-ம் தேதி தொழிற்சாலையில் சாம்பிள் எடுத்தாங்க. ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தினு ஊரே லீவில் இருந்தப்ப, சென்னை அரசு மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் மெஷின் ஓடிக்கிட்டிருந்தது. ரிசல்ட்: டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான்! அந்த ஒரு நம்பர் வந்த பிறகுதான் கைது எல்லாமே.

இந்த விஷம் ஏன் ஏமாத்துது தெரியுமா? சிரப்பில் மருந்தைக் கரைக்க புரொப்பிலீன் கிளைக்காலோ கிளிசரினோ சேர்ப்பாங்க. டைஎத்திலீன் கிளைக்காலும் அதே மாதிரி நிறமில்லாம, கொழகொழன்னு, இனிப்பா இருக்கும். கண்ணும் நாக்கும் இங்கே வேஸ்ட். 1937-ல் அமெரிக்காவில் இதே திரவத்தில் கரைச்ச சல்பா மருந்து 100 பேருக்கு மேல் பலி வாங்கியது. சுவை, மணம், தோற்றம் பார்த்தாங்களாம், விஷமானு மட்டும் பார்க்கலை. கேஸ் குரோமட்டோகிராஃபியில் ஊசியால் துளியூண்டு சாம்பிளை ஏத்தினா, ஒவ்வொரு பொருளும் நீளமான மெல்லிய குழாய்க்குள் வேற வேற வேகத்தில் ஓடி, வேற வேற நிமிஷத்தில் வெளியே வந்து தனித்தனி பீக்காக நிக்கும். மாட்டிக்கிச்சு!

1940-ம் வருட மருந்துச் சட்டப்படி, அரசு பகுப்பாய்வாளர் கையெழுத்து போட்ட அறிக்கை கோர்ட்டில் சாட்சி. மறுக்க நினைக்கிறவர் 28 நாளுக்குள் சொல்லணும். அப்புறம் கோர்ட் நினைத்தால் சாம்பிள் கொல்கத்தா மத்திய ஆய்வகத்துக்குப் போகும். ஒரு கெமிஸ்ட் கையெழுத்துக்கு இவ்ளோ வெயிட்!

தனியார் கம்பெனி க்யூ.சி. லேப் கொஞ்சம் வேற உலகம். ஷிஃப்ட் வேலை, ஆரம்பச் சம்பளம் ஐ.டி. நண்பனைப் பார்த்துப் பெருமூச்சு விட வைக்கும். அதைவிடப் பெரிய தலைவலி, 'லாரி வெளியே நிக்குது, பேட்ச்சை பாஸ் பண்ணு'ங்கிற அவசரம். பிடிக்காத ரிசல்ட்டை அழிச்சுட்டு மறுபடி ஊசி ஏத்துறது 2010-களில் அமெரிக்க எஃப்.டி.ஏ. பல இந்திய ஆலைகளில் பிடிச்ச தப்பு. இப்ப மென்பொருளே எல்லாத்தையும் பதிவு பண்ணிடுது. ஆனாலும் 'முடியாது சார்'னு சொல்ற தைரியத்தை எந்த மெஷினும் தராது என்பது என் கட்சி.

மருந்து மட்டும்னு நினைக்காதீங்க. உணவுக் கலப்படம், குடிநீர், ஃபாரன்சிக், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி, காரைக்குடி செக்ரி... எல்லா இடத்துலயும் இவங்க இருக்காங்க. குற்றத் தடயம் தேடுறதுல சென்னைக்கு 1849-லேயே வேதியியல் பரிசோதகர் இருந்தார்னா பாருங்களேன்.

ஆராய்ச்சிப் பக்கம் வந்தா, கொய்ச்சி தனாகாவைத் தெரிஞ்சுக்கணும். ஜப்பானின் ஷிமாட்சு கம்பெனி இன்ஜினீயர். படிச்சது எலெக்ட்ரிகல், பி.எச்டி. கிடையாது. 1985-ல் கோபால்ட் பொடியில் அசிட்டோனுக்குப் பதில் கிளிசரினைக் கலந்துட்டார். வீணாக்க மனசில்லாம அதையே சோதிச்சார். பெரிய மூலக்கூறு உடையாம அயனியானது! 2002-ல் நோபல். 2018-ல் அவர் குழு, கொஞ்சூண்டு ரத்தத்திலிருந்தே அல்சைமருக்குக் காரணமாகச் சொல்லப்படும் புரதம் மூளையில் படிஞ்சிருக்கானு கணிக்கும் முறையை வெளியிட்டது. இன்னும் குறைவான அளவை, இன்னும் சின்ன சாம்பிளில் பிடிக்கிறதுதான் இந்தத் துறையின் பெரிய போட்டியே.

எம்.எஸ்சி. முடிச்சுட்டு இன்டர்வியூ போறவங்களுக்கு ஒண்ணு. 'எச்.பி.எல்.சி.யில் பீக் ரெண்டா பிளந்தா என்ன செய்வீங்க?'னு நிச்சயம் யாராவது கேப்பாங்க. காலம் பழசாகி உள்ளே பள்ளம் விழுந்திருக்கலாம், இல்லைனா சாம்பிளைக் கரைச்ச கரைப்பான் மொபைல் ஃபேஸைவிட ஸ்ட்ராங்கா இருக்கலாம். 'மறுபடி ஊசி ஏத்துவேன்'னு மட்டும் சொல்லிடாதீங்க!