அப்பாருக்கு ஏன் மறந்து போயிற்று?

சென்ற மாதம் பெருந்துறையில் நமது நண்பரொருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஏழு பிராயமுள்ள அவர் புதல்வி மெதுவாக அருகில் வந்து, "ஏனுங் மாமா, அப்பாரு என்னையப் பாத்து யாருன்னு கேக்கறாரு. நான் அவரு கண்ணாடிய ஒடைச்சுப் போட்டனே, அதனாலயா?" என்றாள். நண்பர் உள்ளிருந்து, "சின்னப் புள்ளைக்கு அதெல்லாம் எதுக்கு? போய் வெளையாடு!" என்று அதட்டினார்.

அதட்டியது தவறென்பது நமது அபிப்பிராயம். பெரியவர்கள் சொல்லாமல் விட்ட காரணத்தைக் குழந்தை தானே கற்பித்துக்கொள்கிறது. அக்கற்பனையில் குற்றவாளி பெரும்பாலும் அக்குழந்தையே.

இது பிடிவாதமன்று, வெறும் மூப்புமன்று, மூளையைப் பற்றிய வியாதி. ஜெர்மனி தேசத்து வைத்தியர் அலாய்ஸ் அல்ஸைமர், 51-வது வயதில் தம்மிடம் வந்த ஸ்திரீ ஒருத்தி இறந்த பின் அவள் மூளையைப் பரிசோதித்து, கண்ட மாறுதல்களை 1906-ல் எடுத்துரைத்தார். மறதி நோய்களுள் முக்கியமானது அவர் பெயராலேயே வழங்குகிறது. நம் தேசத்தில் 60 பிராயம் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது. (தைராய்டுக் குறைவினாலும் பி-12 வைட்டமின் குறைவினாலும் மறதி வருவதுண்டு, அவற்றுக்குச் சிகிச்சையுண்டு. வைத்தியரைப் பாராமல் வீட்டிலேயே தீர்ப்பெழுதுவது கூடாது.)

இவ்வளவும் குழந்தைக்கு எதற்கு? அவள் வீட்டுக் கிடங்கில் மஞ்சள் மூட்டைகள் அடுக்கியிருந்தன. "வாசலோரம் கூரை ஒழுகினால் எந்த மூட்டை முதலில் நனையும், கண்ணு?" என்று கேட்டோம்.

"கடைசியா வெச்சதுங்க."

"அப்பாருவின் ஞாபகமும் அப்படித்தான். சிறு பிராயத்தில் வண்டி கட்டிச் சந்தைக்குப் போனது உள்ளே பத்திரமாயிருக்கிறது. நீ பிறந்ததோ வாசலோர மூட்டை. கண்ணாடிக்கும் இதற்கும் சம்பந்தமேயில்லை."

சற்று யோசித்து, "எனக்கும் ஒட்டிக்குமுங்களா?" என்றாள். காசநோய்ச் சானடோரியத்தால் பெயர் பெற்ற ஊரல்லவா? அவ்வச்சம் பாட்டிமார் கதைகளில் இன்னும் இருக்கிறது போலும். ஒட்டாது, மடியில் உட்காரலாம் என்றோம். மருந்தினால் குணமாகுமா என்றதற்குத்தான் நமக்கு நா எழவில்லை. ஆயினும் பொய் சொல்லவில்லை. முற்றிலும் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை என்றே சொன்னோம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டோம்: "நான் யாரு, சொல்லுங்க" என்று அவரைப் பரீட்சிக்க வேண்டாம், பெயரை நீயே சொல்லிவிடு.

அந்தியில் அவள் கயிற்றுக் கட்டிலருகே போய், "அப்பாரு, நான் உங்க பேத்திங்க" என்றாள். கிழவர் ஏற இறங்கப் பார்த்தார். "வண்டி பொறப்படப் போகுது, ஏறிக்க சாமி" என்றார்.

"செரிங் அப்பாரு" என்று கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.