பெட்டிக்கும் ஒரு குரல் உண்டு!



சென்ற விழா ஒத்திகையில் நம் இசைக்குழுவின் கிடார் தகர டப்பா மாதிரி கத்தியது நினைவிருக்கும். "ஸ்பீக்கர் போயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்றார்கள். சங்கத்தில் அதற்குப் பணம் ஏது? கிடாரே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சுற்றிலும் ஸ்குரூ ஓட்டைகள் இருந்தன, பின்பலகையைக் காணோம்! எப்போதோ ரிப்பேருக்குக் கழற்றியவர்கள் மாட்டவே இல்லை.

ஒரு பலகைக்கு இவ்வளவு மகிமையா? பார்ப்போம்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று அமுங்குகிறது, அதே நேரம் பின்பக்கக் காற்று விரிகிறது. ஆக, முன்னால் ஓர் அலை, பின்னால் அதற்கு நேர் எதிரான அலை. கிடாரின் தடித்த கம்பி விநாடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. ஒலியின் வேகம் சுமார் 340 மீட்டர். வகுத்தால் அலைநீளம் 4 மீட்டருக்கு மேல் வருகிறது. இவ்வளவு நீள அலைக்கு 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒரு தடையே இல்லை. பின்னலை வளைந்து முன்னால் வந்து முன்னலையை அழித்துவிடும். அலைநீளம் குறைந்த மேல் ஸ்வரங்கள் தப்பித்துக்கொள்ளும். மிச்சம் என்ன? தகர டப்பா சத்தம்தான்!

பின்பக்கத்தை மூடினால் பின்னலை உள்ளேயே அடைபடுகிறது. உள்காற்று ஸ்பிரிங் மாதிரி கூம்பைக் கட்டுப்படுத்துவதால் கீழ் ஸ்வரம் இறுக்கமாக, நெஞ்சில் தட்டுவது போல வரும்.

அதற்காகத் திறந்த பெட்டி மட்டம் என்று நினைக்காதீர்கள். அதில் பின்னலை சுவரில் பட்டுத் திரும்பி மேடையை நிரப்பும். கீழ் ஸ்வரம் சற்றுத் தளர்ந்தாலும் ஒலி விரிந்து கேட்கும். அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி 1950களின் இறுதியில் செய்த பாஸ்மேன், நான்கு 10 இஞ்ச் ஸ்பீக்கர்கள் கொண்ட திறந்த பெட்டி. 1962ல் லண்டனில் ஜிம் மார்ஷல் குழுவினர் அந்தச் சர்க்யூட்டைத் தழுவித்தான் முதல் ஆம்ப்ளிபையரைச் செய்தார்கள். ஆனால் நான்கு 12 இஞ்ச் ஸ்பீக்கர்களை மூடிய பெட்டியில் வைத்தார்கள். சர்க்யூட் ஏறக்குறைய ஒன்று, குரலோ வேறு! வால்வு, ஸ்பீக்கர் வித்தியாசத்தோடு பெட்டிக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

பலகையும் முக்கியம். மெல்லிய பலகை தானும் அதிர்ந்து கடகடக்கும். அதனால் ஒர்க்‌ஷாப்பில் கிடந்த முக்கால் இஞ்ச் பிளைவுட்டை அறுத்து, இடுக்கில் ஃபோம் வைத்து ஸ்குரூ முடுக்கினேன்.

சந்தேகம் இருந்தால் நீங்களே செய்து பாருங்கள். வெறும் ஸ்பீக்கரில் பாட்டு போடுங்கள். பிறகு பெரிய அட்டையில் வட்டமாக ஓட்டை போட்டு, ஸ்பீக்கரை அதில் பொருத்திக் கேளுங்கள். கனம் கூடுவது காதுக்கே தெரியும்.

இந்த விழாவில் அதே பழைய ஸ்பீக்கர்தான் வாசிக்கப் போகிறது. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்!